கேரவன் வழியில் நின்றுவிட்டால்: புறப்படும் முன் பார்க்க வேண்டியவையும் கையில் இருக்க வேண்டியவையும்

கேள்வி இதுதான்: பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிப் படுக்கை, சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், சோலார் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறார்கள். செப்டம்பரில் கோவையிலிருந்து குடும்பத்தோடு மணாலி வழியாக லே வரை போகத் திட்டம். வழியில் வண்டி பழுதானால் சமாளிக்க என்னென்ன கருவிகள், உதிரிப் பாகங்கள் எடுத்துப் போக வேண்டும்?

பட்டியலுக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேரவன் என்பது ஒரு வண்டி, அதற்குள் ஒரு வீடு. இந்தியாவில் டிராவலரின் இன்ஜினும் கிளட்சும் தெரிந்த மெக்கானிக் சேலத்திலும் இருக்கிறார், நாக்பூரிலும் இருக்கிறார். ஆம்புலன்ஸ், பள்ளி வேன், டூரிஸ்ட் வேன் என்று அந்த வண்டி ஓடாத ஊர் இல்லை. ஆனால் உங்கள் 12 வோல்ட் ஃப்ரிட்ஜையும் தண்ணீர் பம்பையும் இன்வெர்ட்டர் ஒயரிங்கையும் பார்த்துப் பழகியவர் நெடுஞ்சாலையில் அநேகமாக யாரும் இல்லை. அதனால் வண்டிப் பகுதிக்கு, அடுத்த ஊர் வரை போய்ச் சேரும் அளவுக்குத் தயாராக இருந்தால் போதும். வீட்டுப் பகுதிக்கு நீங்களேதான் மெக்கானிக். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டி நிறைய ஸ்பேனர் இருக்கும், ஒரு மல்டிமீட்டர் இருக்காது.

முதல் வேலை எடை மேடை. தண்ணீர்த் தொட்டி, டீசல், சிலிண்டர், சாமான் எல்லாம் நிரப்பி, ஆட்களும் ஏறி உட்கார்ந்த பிறகு எடை போடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. மொத்த எடையை ஆர்.சி.யில் உள்ள அதிகபட்ச எடையோடு ஒப்பிடுங்கள். பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை. மாற்றிக் கட்டிய வண்டிகளில் தொட்டி, பேட்டரி, அலமாரி எல்லாம் பின்னால் போய், பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது சகஜம். அச்சுக்கு மேலுள்ள ஸ்பிரிங் பட்டை உடைவது, அந்தப் பட்டைகளைப் பிணைக்கும் சென்டர் போல்ட் அறுவது, பின் டயர் வெடிப்பது எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான். டயருக்கு எவ்வளவு காற்று என்பதையும் இந்த எடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. கேரவன்கள் அதிகம் நிற்கும், குறைவாக ஓடும். பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிவிடும். ஆறு, ஏழு வருடம் ஆன டயரோடு இப்படியொரு பயணம் வேண்டாம், ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிய பிறகு ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து விரிந்து சூடாகிறது. வெடிப்பது அந்தச் சூட்டால்தான்.

தூரத்தில் பிடித்தாலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைவுதான். டீக்கு நிற்கும்போதெல்லாம் நான்கு சக்கர ஹப்பிலும் பிடித்துப் பாருங்கள். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் 30 டிகிரி கூட இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டுகிறது, இல்லையென்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஊரிலேயே கழற்றிப் பார்த்தால் பேரிங் செலவோடு முடியும். விட்டால் ஹப்பும் அச்சும் சேர்ந்து போகும்.

டயர் மாற்றும் ஒத்திகையை வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்துவிடுங்கள். அங்கே மூன்று சிக்கல்கள் தெரியவரும். ஒன்று, வண்டியின் தளத்துக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி பொருத்தியவர்கள் ஸ்டெப்னி இறங்கும் வழியை அடைத்திருப்பார்கள். இரண்டு, காற்று இறங்கிய டயரோடு அச்சு தாழ்ந்துவிடும், பாட்டில் ஜாக்கி உள்ளே நுழையாது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஜாக்கி போகிறதா என்று பாருங்கள். மூன்று, கம்ப்ரெசர் துப்பாக்கியால் முறுக்கிய நட்டு கைப்பலத்துக்கு அசையாது. வீல் ஸ்பேனரில் மாட்ட ஒரு மீட்டர் நீள ஜி.ஐ. பைப் வேண்டும். ஜாக்கி 5 டன்னாவது இருக்கட்டும். அடியில் வைக்க ஓரடிச் சதுரம், இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு மரப்பலகை, சக்கரத்துக்குப் போட இரண்டு கட்டைகள். நட்டுகளை வண்டியைத் தூக்கும் முன்பே சிறிது தளர்த்துங்கள். மாட்டும்போது எதிரெதிராக முறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி நிறுத்தி இறுக்கிப் பாருங்கள், இதை மறந்துதான் பலர் போல்ட்டை இழக்கிறார்கள்.

அடுத்தது சூடு. புறப்படும் முன் ரேடியேட்டர் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். உப்பலாகவோ, கிளிப் அருகே வெடிப்பாகவோ இருந்தால் மாற்றிவிட்டு, கழற்றியதில் நல்லதை உபரியாக வையுங்கள். பெல்ட்டையும் அப்படியே. புதியதை இப்போதே மாட்டி ஓட்டிவிட்டு, பழையதைப் பெட்டியில் போடுங்கள். சரியாகப் பொருந்துகிற பெல்ட் என்பது அதனால் உறுதியாகிறது.

மலையேற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறினால் ஏ.சி.யை அணைத்து, கியரைக் குறைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஒதுங்க இடம் பாருங்கள். ஆவியோ ஒழுகலோ இல்லையென்றால் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஒழுகுகிறது என்றால் உடனே அணைக்க வேண்டும். மூடியை அரைமணி நேரத்துக்குத் தொடக் கூடாது. ஹோஸ் கீறியிருந்தால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பை இழுத்துப் பிடித்தபடி, ஒரு சுற்றின் பாதி மீது அடுத்த சுற்று ஏறுமாறு நான்கைந்து அடுக்கு சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் நழுவிவிடும். சமவெளியில் ரேடியேட்டர் மூடியை ஒரு படி தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். லடாக்கில் இதைச் செய்யாதீர்கள். 4,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அழுத்தம் இல்லாத ரேடியேட்டர் அங்கே பொங்கி வழியும். வெறும் தண்ணீர் ஊற்றி ஊர் சேர்ந்திருந்தால், மலைக்கு மேலே இரவு தங்குவதற்கு முன் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து மாற்றிவிட வேண்டும். தண்ணீர் மட்டும் உறைந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும்.

இறக்கத்தில் பிரேக். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கேரவன் கூடுதல் எடையோடு இறங்குகிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளான பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் புறப்படும் முன் மாற்றுங்கள். கருகல் வாடை வந்தாலோ பெடல் இறங்கினாலோ நிறுத்தி, கியரில் போட்டு, கட்டை வைத்து, முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

டீசல் விஷயத்தில் ஒரே விதி: கால் டேங்கிற்குக் கீழே விடாதீர்கள். டேங்க் காலியானால் டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்து (ஏர் லாக்), டீசல் ஊற்றிய பிறகும் வண்டி எடுக்காது. டீசல் ஃபில்டர் இரண்டு, அதைக் கழற்றும் ஸ்பேனர், கையுறை வையுங்கள். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு எங்கே இருக்கிறது, கைப்பம்ப் எங்கே இருக்கிறது என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். ஃபில்டர் மாற்றியதும் கைப்பம்ப் கெட்டியாகும் வரை அடித்துவிட்டுத்தான் செல்ஃப் எடுக்க வேண்டும். காமன் ரெயில் என்ற புதுவகை டீசல் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை மட்டும் வழியில் தளர்த்தவே கூடாது. அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய இன்ஜினில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்துப் பழகிய மெக்கானிக் செய்ய வந்தாலும் தடுங்கள்.

மற்றபடி வண்டிப் பகுதிக்கு இவை போதும்: கிளட்ச்சின் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் கிட், பிரேக் ஆயில் அரை லிட்டர், இன்ஜின் ஆயில் 3 லிட்டர், கூலன்ட் 5 லிட்டர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சைச் சுழற்றும் தண்டு) ஜாயின்ட் கிராஸ் ஒன்று, ஹெட்லைட் பல்பு இரண்டு, ரிலே இரண்டு, பல அளவில் ஹோஸ் கிளிப், கட்டுக்கம்பி, எம்-சீல், டியூப்லெஸ் பஞ்சர் கிட், பேட்டரியோடு நேராக மாட்டும் காற்றுப் பம்ப், கனமான ஜம்ப் கேபிள். கிளட்ச் பிளேட் செட்டைச் சுமக்காதீர்கள். அதை மாற்றும் இடத்தில் அதை வாங்கவும் முடியும். வண்டியில் செருகினால் பழுதின் குறியீட்டு எண்ணைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வைத்திருங்கள். இன்ஜின் லைட் எரிந்தால் அதில் வரும் குறியீட்டு எண்ணைப் படம் எடுத்து உங்கள் ஊர் சர்வீஸ் ஆளுக்கு அனுப்பினால், எந்த சென்சார் என்பதையும் ஓட்டலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிடுவார்.

இனி வீடு. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒயரிங் வரைபடம் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். கட்டிக்கொடுத்தவர் தரவில்லை என்றால் நீங்களே வரையுங்கள்: பேட்டரியிலிருந்து எந்த ஃபியூஸ் வழியாக எந்த ஒயர் எங்கே போகிறது, அதன் தடிமன் என்ன, எர்த் எந்த போல்ட்டில் சேர்கிறது. மரப்பலகை மூடும் முன் எடுத்த படங்கள் இருந்தால் தங்கம். ஃபியூஸ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டால் இருட்டிலும் உதவும்: சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எல்லா அளவிலும் ஐந்தைந்து வாங்குங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் பெரிய ஃபியூஸில் ஒன்று தனியாக வேண்டும், அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது. 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் பேட்டரியிலிருந்து சுமார் 95 ஆம்ப் இழுக்கும். ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரியதைப் போடுவதும், ஒயரைச் சுற்றி ஓட்டுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் ஏன் போனது என்று தெரியும்வரை அந்த லைனை அணைத்தே வையுங்கள்.

மல்டிமீட்டரில் நான்கு எண்கள் போதும். லோடு இல்லாமல் ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. லித்தியம் என்றால் கணக்கு வேறு, 13.2 இருக்கும்போதும் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

எல்லாக் கேரவனிலும் வரும் ஒரு புகாரையே எடுத்துக்கொள்வோம்: நள்ளிரவில் ஃப்ரிட்ஜ் தானாக அணைந்துவிடுகிறது, பேட்டரியோ நன்றாக இருக்கிறது. கம்ப்ரெசர் ஓடும்போதே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் 12.3, ஃப்ரிட்ஜ் பிளக்கில் 11.4 என்று காட்டினால் ஃப்ரிட்ஜில் எந்தக் குறையும் இல்லை, ஒயரில்தான் குறை. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் ஒயர். அது 2.5 சதுர மி.மீ. செம்பு என்றால் மின்தடை 0.07 ஓம். 5 ஆம்ப் ஓடினால் 0.35 வோல்ட் அங்கே போகிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் தளர்ந்த பிடியில் இன்னும் அரை வோல்ட். பேட்டரி அதிகம் இறங்காமல் காக்க ஃப்ரிட்ஜில் இருக்கும் பேட்டரிப் பாதுகாப்பை ‘ஹை’யில் வைத்திருந்தால் 11 வோல்ட் பக்கம் ஃப்ரிட்ஜ் அணைந்துவிடும். பேட்டரி இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அதுதான் நடக்கிறது. 6 சதுர மி.மீ. ஒயர் போட்டு, லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிவிட்டு இறுகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் மாட்டினால் ஒயரில் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் வந்துவிடும். வழியில் இருக்கும்போது தற்காலிகமாக, பாதுகாப்பை ‘லோ’வுக்கு மாற்றி ஓட்டலாம். அந்த ஃப்ரிட்ஜ் வீட்டு பேட்டரியில்தான் மாட்டியிருக்க வேண்டும். வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியில் மாட்டி ‘லோ’வில் விட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. இதே இரண்டு இட அளவீடு லைட், பம்ப், ஃபேன் எதற்கும் பொருந்தும்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, இன்வெர்ட்டர் முனைகள் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். குலுங்கிக் குலுங்கி நட்டு தளரும். தளர்ந்த இடம் சூடாகும், உறையின் நிறம் மாறும். அந்தத் தெர்மாமீட்டர் இங்கேயும் உதவும்.

தண்ணீர் பம்ப்: குழாய் எதையும் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ‘டர்’ரென்று ஓடி நிற்கிறதா? எங்கோ கசிகிறது, அல்லது பம்ப்பின் உள் வால்வு பிடிக்கவில்லை. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லையா? முதலில் வடிகட்டியின் மூடியைப் பாருங்கள். அந்த ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். பத்தில் பாதி ‘பம்ப் போச்சு’ இந்த வளையம்தான். அதே மாடல் பம்ப் ஒன்றும், இரண்டு வடிகட்டியும் உபரியாக வையுங்கள். வீட்டுக்குப் போடுவதுபோல் சி.பி.வி.சி. பைப் ஒட்டியிருந்தால் குலுக்கலில் எல்போ பக்கம் விரிசல் விடும். பம்ப்பின் இரு பக்கமும் அரை மீட்டராவது வளையும் ஹோஸ் இருக்க வேண்டும். எல்போ நான்கு, சால்வென்ட் சிமென்ட், ஆக்சா பிளேடு, டெஃப்லான் டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்: ஓடும்போது சிலிண்டர் ரெகுலேட்டர் அணைந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நெருப்பு காட்டிப் பார்க்காதீர்கள். ஹோஸ் பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் உரசும், அங்கே ரப்பர் வளையம் வையுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கதவருகே ஒரு தீயணைப்பான், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒன்று.

லடாக்கில் பழுது மாதிரி தெரிந்தும் பழுது இல்லாதவை சில உண்டு. சமையல் எரிவாயுவில் பியூட்டேன் அதிகம். கடும் குளிரில் அது சரியாக ஆவியாகாது. விடியற்காலையில் அடுப்பு மங்கி எரிந்தால் வெயில் வரும்வரை பொறுங்கள், சிலிண்டரைச் சூடுபடுத்தப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரி தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். சோலாரில் வெயில் இருந்தும் ஏறவில்லை என்று எதையும் கழற்றாதீர்கள். பேட்டரியை ஆட்கள் தூங்கும் அறைக்குள் வைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது. மேலே போகப் போக இன்ஜின் இழுவை குறைவதும் காற்று குறைவதால்தான்.

அங்கே உண்மையான ஆபத்து தகவல் தொடர்பில் இருக்கிறது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றாவது வேண்டும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் உள்ள டாண்டியில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகை பல காலமாக இருக்கிறது. அங்கே டேங்கை நிரப்பி, கேனிலும் 20 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் சிக்னலே கிடையாது. லாரிக்காரர்களிடம் செய்தி சொல்லி அனுப்புவதுதான் வழி. பிரச்சினை என்ன, எந்தப் பாகம், எந்த கி.மீ. கல் என்று தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது வழியில் மாறிப்போகும்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதல் ஐந்து நிமிடம் பழுதைப் பார்க்காதீர்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பிரதிபலிப்பு முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள், வளைவு என்றால் வளைவுக்கு முன்னால். குழந்தைகளைத் தடுப்புக்கு அப்பால் இறக்குங்கள், உள்ளே உட்காரவைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

வண்டியை இழுத்துப்போக நேர்ந்தால் இரண்டு விஷயம். டிராவலர் பின் சக்கரம் இழுக்கும் வண்டி. இன்ஜின் அணைந்த நிலையில் பின் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் கியர் பெட்டியில் ஆயில் சுற்றாமல் உள்ளே தேயும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். கயிறு வேண்டாம், இரும்பு பார் கேளுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும், கயிற்றில் கட்டினால் முன்னால் போகிற வண்டியில் மோதாமல் நிறுத்துவது கஷ்டம். மேலே ஏற்றிப் போகும் ரெக்கவரி வண்டி என்றால், கூரை சோலார் பேனல், ஏ.சி. வரை உங்கள் வண்டியின் உயரத்தை அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஏற்றிய பிறகு அந்த வண்டியின் உயரமும் சேரும், பாலத்துக்கு அடியில் மாட்டும்.

இன்சூரன்ஸில் வழி உதவி சேர்த்திருந்தாலும், எடை வரம்பு என்ன, மாற்றிக் கட்டிய வண்டிக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி வண்டியில் செய்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாவிட்டால் விபத்திலோ தீயிலோ இழப்பீடு கேட்கும்போது அதுவே முதல் தடையாக வரும்.

பாகம் வரும்வரை பட்டறை வாசலில் இரண்டு நாள் தங்க நேரிடலாம். மெக்கானிக் வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் வீட்டு லைட்டும் பம்ப்பும் ஓடும்படி இரண்டு பேட்டரியும் பிரிந்திருக்க வேண்டும், இப்போதே கழற்றிப் பார்த்துச் சோதியுங்கள். தொட்டி போக 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்று தனியாக வையுங்கள். பெல்ட், ஃபில்டர், ஹோஸ், பம்ப், ஆல்டர்னேட்டர் ஒவ்வொன்றின் பார்ட் நம்பரையும் படம் எடுத்து, இரண்டு பேர் போனிலும் ஊரில் இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். சண்டிகரில் கடைக்காரர் வண்டி மாடலைக் கேட்க மாட்டார், அந்த நம்பரைத்தான் கேட்பார்.